தீர விசாரிப்பதே மெய்



2022ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலியை முடித்துவிட்டு, வழக்கம்போல ஆலய வாசலில் நின்று மக்களோடு பேசிக்கொண்டிருந்தோம். பங்கு இளைஞர் ஒருவர் வேகமாக வந்து, "பாதர், இதைப் பார்த்தீங்களா?" என்று கைப்பேசியை நீட்டினார். ஒரு கட்டடத்தின் மாடியைக் காட்டும் மங்கலான காணொளி அது. கனியாமூர் பள்ளியில் இறந்துபோன மாணவியைப் பற்றியது என்று அதன் கீழே எழுதியிருந்தது. "நாற்பது பேருக்கு அனுப்பிட்டேன் பாதர்" என்றார் அவர். நாமும் "ஐயோ பாவம்" என்று சொன்னோமே தவிர, இதை யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எந்த ஊரில் எடுத்தது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அன்று சின்னசேலம் அருகே கனியாமூரில் நடந்ததை நாடே பார்த்தது. ஜூலை 13 அன்று பள்ளி வளாகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் இறந்து கிடந்தார். அவருக்கு நீதி கேட்டுத் தொடங்கிய போராட்டம் நான்காம் நாளில் கலவரமாக மாறியது. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. வகுப்பறைகள் சூறையாடப்பட்டன. ஒன்றுமறியாத பிள்ளைகளின் சான்றிதழ்கள் சாம்பலாயின. காவலர்கள் பலர் காயமடைந்தனர். முந்நூறுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அவர்களில் பலர் இளைஞர்கள். கலவரக்காரர்களைக் காவல்துறை அடையாளம் கண்டதும் பெரும்பாலும் காணொளிப் பதிவுகளைக் கொண்டுதான்.

அந்த மாணவியின் மரணத்துக்கு என்ன காரணம் என்று இங்கே நாம் எதுவும் சொல்லப்போவதில்லை. அது நீதிமன்றத்தின் பணி. ஆனால் அந்த நாட்களில் கள்ளக்குறிச்சியைச் சுற்றி இன்னொரு விசாரணையும் நடந்துகொண்டிருந்தது. வாட்ஸ்அப் குழுக்களிலும் யூடியூப் சேனல்களிலும் ஆளாளுக்குத் துப்பறிந்தார்கள். சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார்கள். குற்றவாளியின் பெயரையும் அறிவித்தார்கள். இப்படித் தனியாக விசாரணை நடத்தும் சேனல்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லும் நிலை வந்தது.

சில மாதங்கள் கழித்து அந்த இளைஞர் மறுபடியும் வந்தார். முகம் வாடியிருந்தது. "பாதர், அன்னைக்குக் காட்டினேனே, அது நம்ம ஊரே இல்லை. வேற மாநிலத்துல ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எடுத்தது" என்றார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டோம். இணையத்தில் படத்தைக் கொடுத்துத் தேடும் முறையை யாரோ சொல்லிக்கொடுத்தார்களாம். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடம் அன்று அவருக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

கருணாபுரம் சொல்லும் மறுபக்கம்

வதந்தி மட்டும்தான் நம் மாவட்டத்தின் நோய் என்று சொல்லிவிட்டால் பாதி உண்மையைச் சொன்னவர்கள் ஆவோம்.

2024ஆம் ஆண்டு ஜூன் 18, 19 தேதிகளை நாம் மறக்க முடியாது. கள்ளக்குறிச்சி நகரத்துக்கு உள்ளேயே இருக்கும் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பாக்கெட்டுகளில் விற்கப்பட்டது. குடித்தவர்கள் வயிற்றுவலியாலும் பார்வை மங்கியும் துடித்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பல வீடுகளில் தாயும் தகப்பனும் இல்லாமல் பிள்ளைகள் நின்றார்கள். முதல் சாவுகள் நடந்தபோது, கள்ளச்சாராயம்தான் காரணம் என்பதை மாவட்ட நிர்வாகம் ஏற்கவில்லை. தெருவுக்கே தெரிந்த உண்மை அலுவலகத்துக்குப் போய்ச் சேரத் தாமதமானது. பிறகு ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. இதற்கு ஓராண்டு முன்புதான், 2023 மே மாதத்தில், மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது.

கனியாமூரில் பொய் வேகமாக ஓடியது. கருணாபுரத்தில் உண்மை வாசலைத் தாண்டவில்லை. இரண்டு இடங்களிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே அடிபட்டார்கள். இரண்டுக்கும் ஒரே மருந்து, உண்மையைச் சரிபார்த்து நிறுவத் தெரிந்த மக்கள். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். தீர விசாரிப்பது எப்படி என்பதைத்தான் நாம் கற்றுக்கொள்ளவில்லை.

பூனைக்கு மணி கட்டியவர்கள்

உலகில் இதை ஒரு கலையாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். திறந்த மூலப் புலனாய்வு என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒட்டுக் கேட்பதோ, பிறர் கணினியில் நுழைந்து திருடுவதோ இதில் இல்லை. எல்லோரும் பார்க்கக்கூடிய படங்கள், காணொளிகள், வரைபடங்கள், செயற்கைக்கோள் படங்கள், அரசு ஆவணங்கள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு உண்மையை அறிவதே இது.

2014 ஜூலையில் எலியட் ஹிக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் 'பெல்லிங்கேட்' என்ற குழுவைத் தொடங்கினார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று நாம் சொல்கிறோமே, அதே கதையிலிருந்து எடுத்த பெயர்தான் அது. அவர் தொழில்முறைப் பத்திரிகையாளர் அல்லர். வீட்டில் உட்கார்ந்து சிரியாப் போரின் காணொளிகளைப் பார்த்து, எந்த ஆயுதம் எங்கே பயன்பட்டது என்று பொறுமையாகக் குறித்துவந்தவர். குழுவைத் தொடங்கிய சில நாட்களில், ஜூலை 17 அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய விமானம் உக்ரைன் வானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் இறந்தார்கள். ஏவுகணை வண்டி சாலையில் போனதைப் பொதுமக்கள் படம் எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் படங்களில் உள்ள கடைகளையும் கம்பங்களையும் சாலை வளைவுகளையும் ஒப்பிட்டு, வண்டி எந்த வழியாக வந்தது என்பதைக் குழுவினர் படிப்படியாக நிறுவினார்கள். அது ரஷ்ய இராணுவத்தின் 53ஆவது படைப்பிரிவைச் சேர்ந்தது என்று 2018இல் பன்னாட்டு விசாரணைக் குழுவும் அறிவித்தது. 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. எட்டு ஆண்டுகள் ஆயின என்பதைக் கவனியுங்கள். எட்டு மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்லும் நம் வாட்ஸ்அப் குழுக்களை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று ஆப்பிரிக்காவில் உண்டு. 2018 ஜூலையில் ஒரு கொடூரமான காணொளி பரவியது. இரண்டு பெண்களையும் அவர்களுடைய இரண்டு குழந்தைகளையும் இராணுவ உடையில் இருந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். அது பொய்ச் செய்தி என்று கேமரூன் அரசு மறுத்தது. பி.பி.சி. ஆப்பிரிக்கப் பிரிவின் குழு அந்தக் காணொளியின் முதல் சில நொடிகளை மட்டும் மறுபடி மறுபடி பார்த்தது. பின்னணியில் ஒரு மலைத்தொடரின் விளிம்பு தெரிந்தது. கூகுள் எர்த் படத்தோடு அதை ஒப்பிட்டு, கேமரூனின் வடகோடியில் உள்ள செலவெட் என்ற ஊருக்கு அருகே அது நடந்தது என்று கண்டார்கள். நடந்துபோன வீரர்களின் நிழலை அளந்து, அது 2015 மார்ச் இறுதி அல்லது ஏப்ரல் தொடக்கம் என்று கணக்கிட்டார்கள். 2020இல் வீரர்கள் நால்வருக்குப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. பெயர்கூட வெளியுலகுக்குத் தெரியாத அந்தத் தாய்மார்களுக்காக ஒரு மலையும் நிழலும் சாட்சி சொல்லின.

நாம் என்ன கற்றுக்கொள்ளலாம்?

நம் இளையோர் கையில் இருக்கும் சாதாரணக் கைப்பேசியே போதும். கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு.

முதலாவது, இது புதியதா? ஒரு படம் வந்தவுடன் அதைக் கூகுள் லென்ஸ் போன்ற வசதியில் கொடுத்தால், அது முன்பே எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும். காணொளி என்றால் தெளிவான ஒரு காட்சியை நிறுத்திப் படமாக்கித் தேட வேண்டும். பழைய படமாக இருந்தால் பெரும்பாலும் இங்கேயே பிடிபடும். பிடிபடவில்லை என்பதற்காக உண்மை என்று ஆகிவிடாது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்கள் பெருகிவிட்ட இன்று, இது முதல் படி மட்டுமே.

இரண்டாவது, இது எங்கே? கடைப் பலகை, பேருந்தின் பெயர்ப்பலகை, வண்டி எண், மின்கம்பம், மலை விளிம்பு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். கோமுகி அணையில் நிற்பவருக்குத் தெரியும் கல்வராயன் மலை வேறு, கருமந்துறையில் நிற்பவருக்குத் தெரியும் மலை வேறு. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. பீகார்த் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை எண்ணிக் கதறினார்கள். சரிபார்த்தபோது, ஒன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல், இன்னொன்று திருப்பூரில் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே போட்ட சண்டை என்று காவல்துறைத் தலைமை இயக்குநர் விளக்கினார். சண்டை நடந்தது உண்மை. அதற்குச் சூட்டிய தலைப்புத்தான் பொய்.

மூன்றாவது, இது எப்போது? காலையில் நிழல் மேற்கே சாயும், மாலையில் கிழக்கே சாயும். மாலை ஆறு மணிக்கு நடந்ததாகச் சொல்லும் காணொளியில் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தால் யோசிக்க வேண்டாமா? ஏரியில் தண்ணீர் உண்டா, வயலில் என்ன பயிர், சுவரில் எந்தத் தேர்தலின் சின்னம் என்பவையும் காலம் சொல்லும்.

நான்காவது, இதை எடுத்தவர் யார்? அனுப்பியவரைக் கேட்டால், "எனக்கும் வந்தது" என்பார். அவருக்கு அனுப்பியவரும் அதையே சொல்வார். முதலில் எடுத்தவரை அடையும்வரை நம் கையில் இருப்பது செய்தி அல்ல, கேள்வி மட்டுமே.

விவிலியத்தில் தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். சூசன்னா மீது இரண்டு முதியவர்கள் பழி சுமத்தினார்கள். அவர்கள் மதிப்புள்ளவர்கள், நடுவர்கள் என்பதால் மக்கள் கூட்டம் அப்படியே நம்பியது. அவளைக் கொல்வதற்கும் தயாரானது. இளைஞர் தானியேல் அவர்களைத் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தின் அடியில் பார்த்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். பொய் உடைந்தது. இரண்டு சாட்சிகளைப் பிரித்து ஒப்பிடும் அந்த முறையைத்தான் இன்று கணினியின் துணையோடு செய்கிறார்கள்.

மலைமக்களுக்கு ஏன் இது தேவை?

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கல்வராயன் மலை அதன் ஒரு வட்டமாக உள்ளது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பேச்சை அதிகாரிகள் நம்பிக் கேட்பது அரிது. "சாராயம் காய்ச்சுபவர்கள், மரம் வெட்டுபவர்கள்" என்ற முத்திரை முன்பே குத்தப்பட்டிருக்கிறது. வேலையில்லாத கொடுமையால் ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டப் போய்ச் சிறையில் வாடியவர்கள் அங்கு உண்டு.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது ஆந்திரக் காவல்துறை. ஆனால் அந்தக் களத்திலிருந்து வெளிவந்த படங்களை உற்றுப் பார்த்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். அன்று இரவு வெட்டிய மரம் என்றால், உடல்களின் அருகே கிடந்த கட்டைகள் சிலவற்றில் பழைய பெயின்ட் குறிகள் எப்படி வந்தன? தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து இந்த நிகழ்வை விசாரணைக்கு எடுத்தது. உயிரோடு இல்லாதவர்களுக்காகக் கேள்வி கேட்க அந்தப் படங்கள் உதவின.

நல்ல காரியங்களுக்கும் இது பயன்படும். கருணாபுரம் துயரத்துக்குப் பிறகு, 2024இல், கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்து உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி, குடிநீர் எல்லாம் பேசப்பட்டன. தாளில் உள்ள சாலை மண்ணில் இருக்கிறதா என்று யார் பார்ப்பது? கூகுள் எர்த்தில் ஒரே இடத்தின் பழைய படங்களையும் புதிய படங்களையும் தேதி வாரியாகப் பார்க்கலாம். ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள் ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு ஒருமுறை எடுக்கும் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டையோ ஆளையோ அதில் அடையாளம் காண முடியாது, ஆனால் காடு அழிவதையும் அகலமான பாதை போடப்படுவதையும் காணலாம். அதோடு பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போட்டால், முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டியது அலுவலகத்தின் கடமை. நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வரும் ஒரு கிராமம், "எங்களுக்குச் சாலை இல்லை" என்று அழுவதோடு நிற்காமல், தேதியோடும் படத்தோடும் ஆவணத்தோடும் பேசினால் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

தாண்டக் கூடாத எல்லைகள்

கத்தி காய் நறுக்கவும் உதவும், கையையும் வெட்டும். 2019 உயிர்ப்புப் பெருவிழா அன்று இலங்கையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களிலும் மட்டக்களப்பிலும் நம் சகோதரர் சகோதரிகள் குண்டுகளுக்குப் பலியானதை அறிவோம். அடுத்த சில நாட்களில் அந்நாட்டுக் காவல்துறை வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களில், அமெரிக்காவில் வாழும் ஓர் இளம்பெண்ணின் படமும் தவறுதலாக இடம்பெற்றது. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் அதற்குள் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்துவிட்டன. முகத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்வதில் காவல்துறையே தவறியது என்றால், நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

எனவே ஒருவரைக் குற்றவாளி என்று அறிவிப்பது நம் வேலை அல்ல. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, வீட்டு முகவரி எதையும் பகிரக் கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டம் தடை செய்கிறது. தகவல் தந்தவருக்கு ஆபத்து வருமானால், நாம் கண்ட உண்மையையும் உரிய இடத்தில் மட்டுமே சொல்ல வேண்டும். ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையமும் 2020இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறையும், யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வதை முக்கிய விதிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

இன்னொன்று. ஓர் அநீதியை நீங்களே படம் எடுத்திருந்தால், மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வெட்டாதீர்கள், எழுத்துச் சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது, எடுத்த நேரம், இடம் பற்றிய உள்விவரங்கள் அழிந்துவிடுகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆவது பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஏற்க உரிய சான்றிதழைக் கேட்கிறது. மூலத்தைக் காத்தவரால்தான் அதைத் தரமுடியும். ஆயிரம் பேருக்கு அனுப்பிய காணொளியைவிட, வழக்கறிஞர் கையில் பத்திரமாகச் சேர்ந்த ஒரு காணொளி ஏழைக்கு அதிகம் உதவும்.

எழுந்து போய்ப் பார்ப்போம்

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியில் பொய்ச் செய்திகளைப் பற்றிப் பேசினார். 2021ஆம் ஆண்டின் செய்திக்கோ, "வந்து பாரும்" என்று பிலிப்பு நத்தனியேலுக்குச் சொன்ன சொல்லைத் தலைப்பாக எடுத்துக்கொண்டார். செருப்புத் தேய நடந்து, மக்களைச் சந்தித்து அறியாமல், கணினி முன்னால் உட்கார்ந்தே செய்தி தயாரிக்கும் ஆபத்தை அதில் சுட்டிக்காட்டினார். நாம் மேலே சொன்ன எல்லாக் கருவிகளுக்கும் இது பொருந்தும். கருணாபுரத்தின் உண்மையை எந்தச் செயற்கைக்கோளும் காட்டியிருக்காது. அந்தத் தெருவுக்குள் நடந்து போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும்.

நம் பங்குகளில் அன்பியக் கூட்டங்கள் நடக்கின்றன. இளையோர் இயக்கம் இருக்கிறது. மாதத்தில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் என்ன? அந்த வாரம் வந்த ஒரு காணொளியை எல்லோரும் சேர்ந்து அந்த நான்கு கேள்விகளால் சோதித்துப் பார்க்கலாம். மறைக்கல்வி ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகவே கற்றுத்தரலாம். மலைக் கிராமத்துப் பிள்ளைகளையும் அழைத்துச் சேர்க்கலாம். அவர்கள் மலையின் விளிம்பை நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

அந்த இளைஞர் இப்போதும் திருப்பலிக்கு வருகிறார். கைப்பேசியை இப்போதும் நீட்டுகிறார். ஆனால், "பார்த்தீங்களா?" என்று கேட்பதில்லை. "பாதர், இது எங்கன்னு தெரியுதா?" என்று கேட்கிறார். தெரியவில்லை என்றால் யாருக்கும் அனுப்பாமல் பையில் வைத்துக்கொள்கிறார்.

அன்று அவரிடம் அந்தக் கேள்வியை நாம் கேட்டிருக்க வேண்டும். இனியாவது கேட்போம்.